சதுரங்கப்பட்டினத்துத் துணியும் ஆப்பிரிக்க அரசுகளும்

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு வடக்கே சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்குப் போகிறவர்கள் குறைவு. ஐரோப்பியர் சத்ராஸ் என்று எழுதிய அந்த ஊரில், கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை சிதைந்து நிற்கிறது. உள்ளே கிடங்குகளும், நுணுக்கமாகச் செதுக்கிய கல்லறைக் கற்களும் இருக்கின்றன. கோட்டை என்று சொன்னாலும் அடிப்படையில் அது ஒரு துணிக்கிடங்கு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய துணிகளை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றவே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே உட்கார்ந்திருந்தது.

சோழமண்டலக் கரையில் ஏற்றிய துணிகள் சாவகத்துக்கும் மலாக்காவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போயின என்பது நம் வரலாற்று நூல்களில் வருகிறது. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் போன அந்தத் துணியில் பெரும்பங்கு மறுபடியும் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அங்கே அதை வாங்கியவர்கள் அரசர்கள், அமைச்சர்கள், தலைநகர வணிகர்கள். எந்தத் துணி வேண்டும், எந்த நீலம் வேண்டும், கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்கியவர்கள். அவர்களுடைய அரசுகளின் வரலாற்றைச் செங்கல்பட்டுக் கரையில் நின்று படிக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அப்படிப் படித்தால் நம் நெசவாளரின் வரலாறும் கூடவே துலங்குகிறது.

ஆப்பிரிக்காவுக்கு ஐரோப்பியர் வரும் முன் அரசு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. காலனி ஆட்சி திட்டமிட்டு வளர்த்த எண்ணம் அது. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய பெரும் சிம்பாப்வே மதில்களை 1871இல் பார்த்த கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர், அவற்றை ஷீபா அரசியோடு முடிச்சுப் போட்டார். கட்டியவர்கள் உள்ளூர் மக்களே என்று 1905இல் ராண்டல் மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழாய்வு மூலம் நிறுவினார்கள். அதற்குப் பிறகும் ரொடீசிய வெள்ளையர் அரசு அதை ஏற்கவில்லை. மாமல்லபுரத்துப் பாறைகளை உளியால் திறந்தவர்கள் யார் என்று நம்மிடம் யாரும் இப்படி வழக்காட வரவில்லை. வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரு நிலங்களுக்கும் இடையில் துணி கைமாறியது ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, செங்கடல் கரையிலுள்ள அதூலிஸ் துறைமுகத்தையும் அதன் உள்நாட்டில் இருந்த ஆக்சும் அரசையும் பேசுகிறது. அங்கே ஆண்ட சோஸ்காலிஸ் கிரேக்கம் கற்றவன் என்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து இரும்பும் எஃகும் பருத்தித் துணிகளும் அங்கே இறங்கின என்று பட்டியலிடுகிறது. அதே நூல் நம் கீழைக் கரையின் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபத்மா என்ற மூன்றையும் குறிக்கிறது. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் கிடைத்த ரோமானிய ஆம்போரா ஓடுகள், இந்தக் கரையும் அந்தக் கடல்வழிகளில் கலந்திருந்ததைக் காட்டுகின்றன. பிற்காலத்து அட்லாண்டிக் வணிகம் இதைவிடப் பல மடங்கு பெரியது, பல மடங்கு கொடியது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் எல்லையை இங்கே நினைவில் கொள்வது நல்லது. டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடமாக நெடுங்காலம் இருந்த பழவேற்காடு அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. வடக்கே பழவேற்காடு, நடுவில் ஆங்கிலேயர் 1639இல் கால்வைத்த சென்னை, அதற்குத் தெற்கே ஆஸ்டெண்ட் வணிகர்கள் 1719இல் பண்டகசாலை அமைத்த கோவளம், அப்பால் சதுரங்கப்பட்டினம் என்று ஒரே கரையில் மூன்று நான்கு கொடிகள் பறந்தன. எல்லோரும் தேடியது துணி. அந்தத் துணி கடற்கரையில் நெய்யப்படவில்லை. காஞ்சிபுரம் போன்ற உள்நாட்டு நெசவூர்களில் கைக்கோளரும் சாலியரும் தேவாங்கரும் சேணியரும் நெய்தார்கள். இவர்கள் அன்று எளிய கூலிகள் அல்லர். விஜயநகரக் காலத்தில் காஞ்சிக் கைக்கோளர் தண்டுப் பல்லக்கும் சங்கும் உரிமையாகப் பெற்றிருந்தார்கள். மற்ற ஊர் நெசவாளர் அதே மரியாதையைத் தங்களுக்கும் கேட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

துணியின் தரத்தைப் புஞ்சம் என்ற கணக்கால் அளந்தார்கள். பாவில் 120 இழை சேர்ந்தால் ஒரு புஞ்சம். ஒரே அகலத்தில் புஞ்சம் கூடக்கூடத் துணி நெருக்கமாகும், விலையும் ஏறும். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குக் கடலோர மணலில் விளையும் சாயவேர். நெய்தவர் கையிலிருந்து வெளுப்பவர், சாயமிடுபவர், கஞ்சி போட்டுத் தட்டி மெருகேற்றுபவர் என்று துணி பல கை மாறியது. 1734இல் சென்னைக் கோட்டை ஆட்சி சிந்தாதிரிப்பேட்டையை நிறுவியபோது நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், ஓவியம் தீட்டுபவர் ஆகியோரையே அங்கே குடியேற்ற முனைந்தது, இத்தனை கைகளையும் ஒரே இடத்தில் பிடித்து வைக்கத்தான்.

இந்தத் துணி ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியதற்கு லண்டனில் இயற்றிய சட்டங்களும் ஒரு காரணம். இந்தியத் துணியின் போட்டியைத் தாங்க முடியாத ஆங்கிலக் கம்பளி, பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்ததால், அச்சிட்டும் சாயமிட்டும் வரும் இந்தியப் பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்த 1700ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. பிரான்ஸ் 1686லேயே இப்படித் தடுத்திருந்தது. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. லண்டன் கிடங்கில் இறங்கிய சென்னைத் துணி ஆங்கிலேயர் உடம்பில் ஏறக்கூடாது, ஆப்பிரிக்காவுக்குப் போகலாம். 1672இல் பட்டயம் பெற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியும் அதன் பின் வந்த தனி வணிகர்களும் அதை வாங்கி ஏற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன சரக்கின் மதிப்பில் இந்தியத் துணி மட்டும் ஏறக்குறைய கால் பங்கு. துப்பாக்கி, சாராயம், கண்ணாடி மணி ஆகியவைதான் ஆப்பிரிக்காவுக்குப் போயின என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பாக இருக்கும். பட்டியலில் எப்போதும் முதலிடம் துணிக்குத்தான்.

வாங்கியவர்களுக்கு வருவோம். இன்றைய பெனின் குடியரசின் கரையில் ஹுவேடா என்ற சிறிய அரசு இருந்தது. அதன் துறைமுகம் உய்டா. ஐரோப்பியர் அங்கே கட்டிக்கொண்ட மண்கோட்டைகள் கடற்கரையில் இல்லை. சில கிலோமீட்டர் உள்ளே, அரசனின் கண்காணிப்பில் இருந்தன. 1703இல் ஐரோப்பாவில் பெரும் போர் நடந்துகொண்டிருந்தபோது, என் துறைமுகத்தில் நீங்கள் ஒருவரோடொருவர் சண்டையிடக் கூடாது என்று ஹுவேடா அரசன் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் அனைவரையும் ஒப்புக்கொள்ள வைத்தான். நம் கரையில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் சண்டையை இங்கே நிலத்தின்மேல் நடத்தினார்கள். கோவளத்துக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1752இல் கிளைவ் அதை மீட்டு வெடிவைத்துத் தகர்த்தார். 1754 தொடக்கத்தில் சமாதானம் பேச இடம் தேடியவர்களுக்கு டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினம்தான் கிடைத்தது, ஆர்க்காட்டு நவாபின் அவை கிடைக்கவில்லை. ஒரு சிறிய ஆப்பிரிக்க அரசு தன் மணல்மேட்டில் நிலைநாட்டிய அதிகாரத்தை, அதைவிடப் பன்மடங்கு பெரிய ஆர்க்காட்டு நவாபால் தன் கரையில் நிலைநாட்ட முடியவில்லை.

ஹுவேடாவை 1727இல் வடக்கிலிருந்து வந்த தஹோமே விழுங்கியது. அதற்கு மூன்றாண்டு முன்பே அண்டை அரசான அலாடாவை வென்றிருந்த தஹோமேயின் அகாஜா அரசன், இப்போது கடலை எட்டிவிட்டான். உய்டாவில் ஐரோப்பியரோடு நடக்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக யோவோகன் என்ற அதிகாரியைத் தஹோமே அமர்த்தியது. சென்னையில் துபாஷிகள் கம்பெனியின் ஆட்கள். கம்பெனிக்காக ஊரோடு பேசியவர்கள். யோவோகன் அரசனின் ஆள். அரசனுக்காகக் கம்பெனிகளோடு பேசியவர். இந்த ஒரு வேறுபாட்டில் இரண்டு கரைகளின் பின்வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. தஹோமேயின் அரண்மனையில் ஒவ்வொரு பெரிய அதிகாரிக்கும் இணையாக ஒரு பெண் அதிகாரி இருந்தாள். அவன் அரசனிடம் சொன்னதையும் செய்ததையும் அவள் நினைவில் வைத்திருக்க வேண்டும். எழுத்தில்லாத நிர்வாகம் என்று ஐரோப்பியர் இகழ்ந்த இடத்தில் நினைவையே ஒரு பதவியாக்கி வைத்திருந்தார்கள்.

ஆண்டுதோறும் தலைநகர் அபோமேயில் நடந்த பெருவிழாவில், முன்னோருக்குப் பலியிட்ட பிறகு, அரசன் மேடையேறிக் கூட்டத்தின்மேல் துணிகளையும் சோழிகளையும் வாரி எறிந்தான். சோழி அங்கே நாணயம். மாலத்தீவுக் கடலில் அள்ளிய சோழி இலங்கை, வங்காளம் வழியாக ஐரோப்பா போய், அங்கிருந்து கினியா கடற்கரையில் இறங்கியது. இராஜராஜ சோழன் வென்றதாகத் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொண்ட அதே தீவுகள். துணியை வெட்டி வேறு துணியின்மேல் ஒட்டித் தைத்து, சிங்கம், சுறா, எருமை என்று அரசர்களின் சின்னங்களை உருவாக்கும் கலைக்கென்று அபோமேயில் அரண்மனைத் தையற்காரர் இருந்தார்கள். நம் ஊர்த் தேர்ச்சீலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொடிகளின் அழகு உடனே புரிந்துவிடும்.

மேற்கே, இன்றைய கானாவில், அசாந்தே. 1701இல் ஓசேய் டூட்டு என்ற அரசன் ஃபெயாசே போர்க்களத்தில் டெங்கிராவை வென்று, சிதறிக்கிடந்த அக்கான் குடிகளைப் பொன்னிருக்கை ஒன்றின் கீழ் இணைத்தான். அரசன் அதில் அமர்வதில்லை; நாட்டின் உயிரே அதில் இருப்பதாக நம்பினார்கள். தலைநகர் குமாசியிலிருந்து எட்டுத் திசைக்கும் பெருவழிகள் பிரிந்தன. பொற்பொடியை நிறுக்கப் பித்தளையில் வார்த்த எடைக்கற்களில் மீனும் முதலையும் பழமொழிக் காட்சிகளும் உருவங்களாயின. 1817இல் அங்கே தூது போன பவுடிச் என்ற ஆங்கிலேயர், அவை நிறையத் தங்கமும் பட்டுமாகக் கண்டு திகைத்து எழுதினார். அந்தப் பட்டில் ஒரு பகுதி, இறக்குமதித் துணியை இழை இழையாகப் பிரித்து, அசாந்தே நெசவாளர் தங்கள் குறுந்தறியில் மறுபடி நெய்தது. வெளியிலிருந்து வந்ததை அப்படியே உடுத்துவது அவர்கள் வழக்கமில்லை. பிரித்தார்கள், வெட்டினார்கள், தமதாக்கினார்கள்.

இதனால் ஐரோப்பிய வணிகருக்கு ஓயாத தொல்லை. ஒரு துறைமுகத்தில் விலைபோன நீலம் அடுத்த துறைமுகத்தில் போகாது. சென்ற ஆண்டு கேட்ட கட்டத்தை இந்த ஆண்டு வேண்டாம் என்பார்கள். சரியான துணி இல்லாத கப்பல் மாதக்கணக்கில் கரையோரம் நின்று அழுகும். ஆகவே ஆப்பிரிக்காவில் இருந்த முகவர்கள் மாதிரித் துண்டுகளை லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்து சோழமண்டலத்துக்கு ஆணை வந்தது. டச்சுக்காரர் ஒரு வகை நீளத்துணிக்குக் கினித் துணி என்றே பெயரிட்டார்கள். அபோமேயிலும் குமாசியிலும் மாறிய விருப்பம், சில ஆண்டுகள் கழித்து, காஞ்சிபுரத்துத் தறியில் பாவின் நிறத்தை மாற்றியது. தறியில் உட்கார்ந்தவருக்கு அந்த அரசர்களின் பெயர் தெரிந்திருக்கப் போவதில்லை. அவருடைய கைகளில் மட்டும் அந்த அரசுகளின் ரசனை வந்து சேர்ந்திருந்தது.

அந்தத் துணிக்கு மாற்றாகக் கைமாறியது என்ன என்பதை மென்று விழுங்கிச் சொல்லக் கூடாது. பொன்னும் தந்தமும் கொஞ்சம், பெரும்பாலும் மனிதர்கள். 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். ஒரு மனிதனின் விலை துணி, சோழி, துப்பாக்கி, சாராயம் சேர்ந்த ஒரு கட்டு. அந்தக் கட்டில் நம் கரைத் துணி இருந்தது. நெய்தவருக்கு இதில் பங்கில்லை, தெரியவும் வழியில்லை. ஆனாலும் செங்கல்பட்டுத் துணியின் பெருமையைப் பேசுகிற வரலாறு இந்த ஏட்டைக் கிழித்துவிட்டுப் பேச முடியாது.

அரசுகளும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கொங்கோ அரசன் முதலாம் அஃபோன்சோ 1526இல் போர்ச்சுகல் அரசனுக்கு எழுதிய கடிதத்தில், வணிகர்கள் கொண்டுவரும் சரக்கின் ஆசையால் தன் குடிகள் ஒருவரையொருவர் பிடித்து விற்கிறார்கள், நாடு காலியாகிறது என்று முறையிட்டான். இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசு 16ஆம் நூற்றாண்டில் ஆண்களை அடிமையாக விற்பதை நிறுத்தி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தது. மிளகு, தந்தம், தன் சொந்த நெசவுத் துணி ஆகியவற்றை விற்றது. தஹோமேயும் அசாந்தேயும் போர்க்கைதிகளை விற்று வலுத்தன. எல்லா அரசுகளையும் போல இவற்றிலும் பேராசையும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது, கணக்கும் இருந்தது. அவற்றை ஏமாளிகளாகவோ அரக்கர்களாகவோ வரைவது இரண்டும் ஒரே சோம்பலின் விளைவு.

நம் கரையும் இந்தக் கொடுமைக்கு வெளியே இருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர் ஆயிரக்கணக்கான தமிழரையும் தெலுங்கரையும் அடிமைகளாகச் சாவகத்துப் பட்டாவியாவுக்கு ஏற்றினார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களே விற்ற காலம் அது. ஊரில் ஆள்கடத்தல் பெருகி எதிர்ப்பு மூண்டதால் 1680களில் சென்னைக் கோட்டை ஆட்சி அடிமை ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டியிருந்தது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கே நெசவாளருக்குப் பேரம் பேசும் வலு இருந்தது. வணிகரிடம் முன்பணம் வாங்கியவர் விலை பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகலாம். ஊரை விட்டே பெயர்ந்து வேறு அரசனின் நிழலுக்குப் போகலாம். நெசவாளரை இழக்க விரும்பாத அரசர்கள் அவர்களை இழுத்துப் பிடிக்கவில்லை. 1763இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். துணி வாங்குபவரும் நாட்டை ஆள்பவரும் ஒருவரே என்ற நிலை வந்தது. முன்பணத்தைத் திருப்பும் உரிமை போயிற்று. 1780இல் ஹைதர் அலியின் படை இறங்கியபோது காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை நசுங்கியது. அதோடு சீமையின் ஏரிகளும் நெசவூர்களும் பாழாயின. பிரசன்னன் பார்த்தசாரதி போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த மாற்றத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதே பத்தாண்டுகளில் உய்டாவில் யோவோகன் இன்னும் விலை பேசிக்கொண்டிருந்தார் என்பதை நான் அதோடு சேர்த்து வாசிக்கிறேன்.

மான்செஸ்டருக்கு ஆப்பிரிக்கா ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. இந்தியக் கட்டத்துணியைப் போலி செய்து லங்காஷயர் நெசவாளர் அனுப்பிய துணியை முதலில் ஆப்பிரிக்க வாங்குபவர்கள் ஏற்கவில்லை. சாயம் சரியில்லை, கை பட்டால் தெரிகிறது என்றார்கள். இந்தியத் துணி கிடைக்காத போர்க்காலங்களில் மட்டும் வேறு வழியின்றி வாங்கினார்கள். அந்தக் கடுமையான சந்தையில் தோற்றுத் தோற்றுத்தான் மான்செஸ்டர் கற்றுக்கொண்டது. ஜோசப் இனிகோரி என்ற நைஜீரிய வரலாற்றாசிரியர் இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கும் இந்தச் சந்தைக்கும் உள்ள உறவை நிறுவியவர்களில் முக்கியமானவர். கற்று முடித்த மான்செஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்து காஞ்சிபுரத்துத் தறியின் சந்தையைப் பிடுங்கியது.

எல்லாத் துணியும் தோற்றுப்போகவில்லை. செனெகல் ஆற்றங்கரையில் வாலோ அரசும் திரார்சா அமீரகமும் இருந்த பகுதியில், புதுச்சேரியிலிருந்து போன கரு நீலக் கினித் துணி நாணயமாகவே புழங்கியது. பாலைவன விளிம்பின் கருவேல மரங்களில் வடியும் பிசினுக்கு அதைக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுக்கூடங்களில் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. இந்தியத் துணியால் வாங்கிய பிசினைக் கொண்டு இந்தியத் துணியின் போலியை அச்சிட்டார்கள். பிரெஞ்சு ஆலைகள் மலிவாகச் செய்த நீலத்துணியை அந்த மக்கள் தொட்டும் மோந்தும் பார்த்து ஒதுக்கினார்கள். அவுரியின் மணமும் மெருகும் அதில் இல்லை. 1855இல் பிரெஞ்சு ஆளுநர் ஃபெதெர்ப் வாலோவைப் பிடித்துக்கொண்ட பிறகும் புதுச்சேரி நீலத்துக்குக் கேட்பு இருந்தது.

இதையெல்லாம்விட என்னை ஈர்ப்பது நைஜர் கழிமுகத்துக் கலாபாரி அரசு. அலையாத்திக் காடும் உப்பங்கழியுமான அந்த நிலத்தில் நெல்லும் கிழங்கும் விளையாது. மீனும் உப்பும் விற்று வாழ்ந்த கலாபாரிகள் எலம் கலாபாரி என்ற தீவுநகரிலிருந்து பெரும் வணிக அரசைக் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அமாகிரி என்ற அரசன் தொடங்கிய மரபு இன்றும் தொடர்கிறது. அரசின் அலகு படகு வீடு. ஒரு தலைவன், அவனுடைய உறவினர், விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்ட ஆட்கள், போர்ப்படகைத் துடுப்பு வலிக்கும் இளைஞர் எல்லாரும் சேர்ந்தது அந்த வீடு. அடிமையாக வந்தவரும் திறமை இருந்தால் வீட்டின் தலைவராகலாம். அண்டை அரசான போனியில் அப்படி உயர்ந்தவர்தான் ஜாஜா; 1869இல் பிரிந்துபோய் ஒபோபோ என்ற தனி அரசை நிறுவினார். பனை எண்ணெய் வணிகத்தில் ஆங்கிலேயருக்கு வளைந்துகொடுக்காததால் 1887இல் அவரைப் பிடித்து நாடுகடத்தினார்கள்.

கலாபாரிகள் தங்கள் நாட்டில் பருத்தி நெய்ததில்லை. ஆனால் அவர்களுடைய பிறப்பும் இறப்பும் சென்னைத் துணியில் நடக்கின்றன. சிவப்பும் நீலமும் கட்டமிட்ட, சென்னைக் கைக்குட்டை என்று வணிகத்தில் பெயர்பெற்ற அந்தத் துணியை அவர்கள் இன்ஜிரி என்கிறார்கள். பிறந்த குழந்தையை அதில் சுற்றுவார்கள். பெரியவர் இறந்தால் உடலைக் கிடத்தும் அறையையும் கட்டிலையும் அதால் அலங்கரிப்பார்கள். ஒரு குடும்பத்தின் பெட்டியில் எத்தனை தலைமுறை இன்ஜிரி இருக்கிறது என்பது அந்த நாளில் ஊருக்குத் தெரியும். சென்னையைச் சுற்றிய நெசவூர்களிலும் சீராலாவிலும் கைத்தறியில் நெய்த துணி அது. போலியைக் கண்டுபிடிக்க முகர்ந்து பார்ப்பார்கள்.

அந்தத் துணியைக் கலாபாரிப் பெண்கள் அப்படியே விட்டுவைப்பதில்லை. பிளேடாலோ சிறு கத்தியாலோ குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி, உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதிய உருவங்களைக் கொண்டுவருகிறார்கள். வெட்டிய துணிக்குப் பெலெத்தே பிதே என்று பெயர். ஆமை வடிவம் ஒன்று அதில் சிறப்பு. அரச குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. வெட்டிய பிறகு துணி மெல்லியதாகி, வெளிச்சத்தில் சல்லடைபோல ஒளிர்கிறது. ஜோன் ஐக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகளாகக் கலாபாரிகளோடு இதைப் படித்து எழுதியிருக்கிறார். நெய்து முடிந்த துணியிலிருந்து இழையைக் கழித்து வடிவம் காண்பதை நம் ஊர் நெசவாளர் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்தத் துணியின் படைப்பு காஞ்சி வட்டாரத்தில் பாதியும் நைஜர் கழிமுகத்தில் பாதியுமாக முடிகிறது. இரு பாதிகளையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இந்த அரசுகள் எப்படி முடிந்தன என்பதிலும் நம் கரையின் சாயல் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்ற டென்மார்க்குக்காரர்களே, இன்றைய கானாவின் தங்கக் கரையில் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டையையும் வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். தங்கக் கரைக் கோட்டைகளை 1850இல் 10,000 பவுனுக்கு விற்றார்கள். சதுரங்கப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கைவிட்ட டச்சுக்காரர்கள், தங்கக் கரையில் தங்கள் கோட்டையான எல்மினாவை 1872இல் ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள். எல்மினாவின்மேல் உரிமை கொண்டாடிய அசாந்தே படையெடுத்தது. 1874 பிப்ரவரியில் ஆங்கிலப் படை குமாசியைக் கொளுத்தியது. 1897இல் பெனின் நகரம் எரிந்தது. அதன் அரண்மனைப் பித்தளைத் தகடுகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. அசாந்தே மன்னன் முதலாம் பிரெம்பேயைச் சிறைபிடித்து, 1900 முதல் 1924 வரை செசெல்ஸ் தீவுகளில் வைத்தார்கள். கண்டியின் கடைசி மன்னரை வேலூர்க் கோட்டையில் 1832இல் அவர் இறக்கும்வரை அடைத்து வைத்த அதே ஆட்சி, அதே உத்தி.

ஆப்பிரிக்காவின் அரசுகளைப் பற்றி அறியத் தமிழ் வாசகருக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் பாடநூலில் வரும் மாலியின் மான்சா மூசாவும் அவருடைய 1324ஆம் ஆண்டு மெக்கா பயணமும் மட்டும்தான். எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர் விட்டுப்போன சோழமண்டலக் கோப்புகள் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளும், எல்மினாவை ஆண்ட மேற்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒன்றில் துணி எவ்வளவு விலைக்கு எங்கே வாங்கப்பட்டது என்ற கணக்கு. மற்றதில் அது யாரிடம் எதற்கு மாற்றப்பட்டது என்ற கணக்கு. பழைய டச்சு மொழியைக் கற்ற தமிழ் மாணவர் ஒருவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கில் கட்டிய மூட்டைகளின் வகைகளைக் கினியாக் கரையின் விலைப்பட்டியல்களோடு ஒப்பிடலாம். அந்த வேலைக்கு நம் பல்கலைக்கழகங்கள் ஆய்வு உதவித்தொகை ஒதுக்க வேண்டும். அந்த மாணவரை ஹேக் நகருக்கு மட்டும் அனுப்பினால் போதாது. இன்ஜிரிப் பெட்டிகள் இன்னும் திறக்கப்படுகிற, கலாபாரிகளின் புகுமா நகரத்துக்கும் அனுப்ப வேண்டும். அங்குள்ள பெண்களுக்கு அந்தத் துணியைப் பற்றித் தெரிந்தவை எந்தக் கம்பெனி ஏட்டிலும் எழுதப்படவில்லை.